எங்கயோ பார்த்த முகம்

பசையக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கையைப் பார்த்தால் போதும். மைதாவைக் காய்ச்சிக் காய்ச்சி, பழைய பேப்பரை ஊறவைத்துப் பிசைந்து பிசைந்து, விரல் இடுக்கெல்லாம் வெளுத்துக் கிடக்கும். பஸ்ஸில் சில்லறையை நீட்டினால், "அக்கா, காசு உன் கையை விட்டு இறங்க மாட்டேங்குது பாரு" என்று கண்டக்டர் கேலி செய்வான். கண்டக்டர் வேற்று ஆளில்லை, கூடப்பிறந்த தம்பி. சொந்த அக்கா என்றாலும் டிக்கெட் கிழிக்காமல் விட மாட்டான். அவ்வளவு நியாயஸ்தன். இந்தக் காலத்தில் நியாயஸ்தனுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் அவனுக்கும் கிடைத்தது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாண வயசு, அவனுக்கு மூக்குச் சிந்தத் தெரியாத வயசு. "எங்கயாவது விடுதியில சேர்த்துட்டு உன் பொழப்பைப் பாரு" என்று சொந்தபந்தம் வந்து புத்தி சொன்னது. டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே போனது. அவள் பல் செட் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பொக்கை வாய்களுக்கு பிளாஸ்டரில் அச்செடுத்து, பல் வரிசை பொருத்தி, ராவி வழவழப்பாக்கும் வேலை. ஊரில் பாதிக் கிழவர்களின் சிரிப்பு அவள் கையால் ஆனது. அந்தச் சம்பளத்தில் ஆற்றோரக் குடியிருப்பில் இரண்டு அறை பிடித்து, தம்பியைப் படிக்கவைத்து, பஸ் வேலையில் சேர்த்து, நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டியும் வைத்தாள். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இவன் ஒருத்தனை வளர்த்ததே நாலு பிள்ளை பெத்த மாதிரி ஆயிடுச்சு. போதும்டா சாமி" என்பாள்.

முகமூடி ஆபீசுக்கு அவள் போனதும் பல்லால் வந்த வினைதான். மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையில் இயங்கிய ஓர் அறக்கட்டளை அது. வாசல் பலகையில் மக்கள், கலை, விழிப்பு என்று பெயர் நீண்டுகொண்டே போகும். ஊருக்கு அதெல்லாம் வாயில் நுழையாது, முகமூடி ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். சாக்கடை அள்ளுபவர்களுக்குக் கையுறை கேட்டு ஒரு தெரு நாடகம், ஆலைப் புகைக்கு எதிராக ஓர் ஊர்வலம், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு விடுமுறை கேட்டு ஒரு பொம்மலாட்டம் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். அதை நடத்தியவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்தில் பாதிக்கு மேல் தாடி, மீதியில் கொள்கை. பேராசை பிடித்த வீட்டுக்காரன் பொம்மைக்குப் பெரிய பல் வேண்டும் என்று ஒருநாள் பல் கடைக்கு வந்தார். அவள் செய்து கொடுத்தாள். அப்புறம் அந்தப் பல்லுக்கு ஏற்ற வாய், வாய்க்கு ஏற்ற தாடை என்று ஆரம்பித்து, ஒரு வருஷத்தில் பல் கடையை விட்டு முழுசாக அங்கேயே வந்துவிட்டாள்.

"கொள்கை கிள்கையெல்லாம் எனக்குத் தெரியாது தாடி. மூக்கு நேரா உக்காந்திருக்கான்னு பாப்பேன், அவ்வளவுதான்" என்பாள். பொய். நாடகத்தில் அழ வேண்டிய இடம் வந்தால் முதலில் அழுவது அவள்தான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவளும் அவள்தான். ஒரு கோடையில், ஊர்வலம் முடிந்து பேச்சு நீண்டுகொண்டே போனபோது, முகமூடிக்குள் மூச்சுத் திணறி ஒரு பெண் சுருண்டு விழுந்துவிட்டாள். அன்றைக்குப் பசையக்கா தாடியைக் கிழித்த கிழியில், ஐஸ் தொழிற்சாலையின் தகரக் கூரை அதிர்ந்தது. மறுநாளிலிருந்து யார் புதிதாக வந்தாலும் அவளிடம் பயிற்சி எடுக்க வேண்டும். பசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாளியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பாள்.

"டிரம் அடிச்சா முகத்தை மாட்டு. டிரம் நின்னா முகத்தைக் கழட்டு. பக்கத்துல இருக்கறவனைப் பாக்காதே, தாடியைக் கேக்காதே. கை தானா மேல போகணும். புரியுதா?"

தூக்கத்தில் டிரம் நின்றாலும் கை மேலே போகும் அளவுக்குப் பழக்கிவிட்டாள். பார்க்கிற ஜனங்களுக்கும் அது பிடித்துப்போனது. டிரம் சட்டென்று நிற்க, ஒரே நேரத்தில் அத்தனை பேரும் முகத்தைக் கழற்றினால், உள்ளே இருந்து வியர்த்து வழிகிற நிஜ முகங்கள் வரும். கைதட்டல் அள்ளும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆற்றோரக் குடியிருப்பின் தலையில் இடி விழுந்தது. அத்தனை வீடுகளையும் இடித்துவிட்டு, அங்கே கண்ணாடிக் கட்டடம் எழுப்பப்போவதாக ஒரு கம்பெனி பலகை நட்டது. மேலிடத்தில் எல்லோரும் கம்பெனியின் கைக்குள். பசையக்காவின் வீடும் அந்த வரிசையில்தான். இந்த முறை ஊர்வலம் என்றதும் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே முன்னால் நின்றாள்.

தாடிக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லோரும் ஒரே முகத்தை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். யார் யார் வந்தார்கள் என்று அடையாளம் காண முடியாது. ஒருத்தனைத் தொட்டால் எல்லோரையும் தொட்டது போல. யோசனை நல்ல யோசனைதான். யார் முகம் என்பதில்தான் சிக்கல். குழுவில் இருந்த ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். ஒருத்தன் ரொம்ப அழகு. ஒருத்தி முகத்தில் படிப்பு தெரிந்தது. "உங்க முகம்?" என்று பசையக்காவைக் கேட்டார். "என் மூஞ்சியைப் பாத்தா கம்பெனிக்காரன் சிரிச்சிடுவான், போ தாடி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, வீட்டுச் சாவியை மறந்துபோன அக்காவுக்கு அதைக் கொடுக்கத் தம்பி உள்ளே வந்தான். லீவு நாள். சீருடை இல்லை, தோளில் தோல் பை இல்லை. சாதாரணச் சட்டையில் வாசலில் நின்று, "யக்கா" என்று கூப்பிட்டான்.

தாடி அவனையே வெறித்துப் பார்த்தார். "இவரை நான் எங்கயோ பாத்திருக்கேனே."

டிரம் அடிக்கிற பெண்ணும் சொன்னாள், "ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுது." இன்னொருத்தரும் சொன்னார். வரிசையாக எல்லோரும் சொன்னார்கள்.

தாடிக்குக் கண் மின்னியது. "பாத்தீங்களா! யாருக்குமே தெரியாதவரு, ஆனா எல்லாருக்கும் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. இதுதாங்க முகம். இதுதான் ஜனங்களோட முகம்!"

தம்பி அக்காவின் காதில் கிசுகிசுத்தான். "ஏன்க்கா, இந்தத் தாடி போன மழைக்காலம் பூரா என் பஸ்ல ஃபுட்போர்டுல தொங்கிக்கிட்டு வந்தாரு. அந்த டிரம் பொண்ணு தினமும் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடும். ஒருத்தருக்கும் என்னைத் தெரியலையே!" இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சொல்லித் தொலைத்திருக்கலாம். எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவனின் முகம் எல்லோருக்கும் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஆனால் தம்பிக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாவிகள், ரெண்டு பேரும் சொல்லவில்லை.

அச்செடுத்த அன்றைக்கே சகுனம் சரியில்லை. முகத்தில் வாசலைன் தடவி, மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்குத் துளையை மட்டும் விட்டுவிட்டு, பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றினாள். இறுகும்வரை அசையக் கூடாது. கையை மார்பில் கட்டிக்கொண்டு அவன் கட்டையாகக் கிடந்தான். அந்த நேரத்தில் அவனைத் தேடிக்கொண்டு வந்த அவன் மனைவி, வாசலிலேயே ஓவென்று கத்திவிட்டாள்.

"அண்ணி! என்ன அண்ணி பண்ணி வெச்சிருக்கீங்க இவரை?"

"ஒண்ணும் இல்லடி, அச்செடுக்கறேன். உயிரோடதான் இருக்கான்."

"பொணத்துக்குப் பண்ற மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கலை அண்ணி. விளையாட்டு வினையா முடியும்."

பிளாஸ்டருக்குள்ளிருந்து தம்பி கட்டை விரலை உயர்த்தி ஆட்டினான். பஸ்ஸைக் கிளப்பச் சொல்லும்போது டிரைவருக்குக் காட்டுவானே, அதே ஆட்டல். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அவன் தாடையில் ஒரு தழும்பு உண்டு, பஸ் கதவு மோதியது. மூக்கும் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். "அதை ரெண்டையும் ராவிடுங்கக்கா, அப்பதான் பொதுவான முகமா இருக்கும்" என்று தாடி சொல்லியிருந்தார். ராவுகிற உப்புத்தாளைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். குறை இல்லாவிட்டால் அது முகமா, தட்டா? தவிரவும், தம்பியின் மூக்கை எப்படி ராவுவாள்? அப்படியே விட்டாள். அச்சில் கூழை அப்பி எடுத்து மாடியில் காயவைத்தபோது, கொடிக் கயிறு முழுக்கத் தம்பியின் முகம் கண் இல்லாமல் காற்றில் ஆடியது. அவளே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். வெயில் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

ஊர்வலம் நன்றாகத்தான் போனது. கம்பெனி முதலாளி அடிக்கல் நாட்ட வந்த இடத்தில், அத்தனை பேரும் அந்த ஒரே முகத்தோடு பேசாமல் நின்றார்கள். அவ்வளவுதான் திட்டம். எங்கிருந்தோ ஒரு கல் பறந்தது. யார் எறிந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கார்க் கண்ணாடி நொறுங்கி முதலாளியின் நெற்றி கிழிந்தது. அடுத்த நாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் பெரிதாகத் தம்பியின் முகம். காகித முகம்தான், ஆனால் தழும்போடு.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. விசாரித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பேர் யார் முகத்தை மாட்டிக்கொண்டு நடப்பார்கள்? தலைவன் முகத்தைத்தானே? அப்படியானால் அந்த முகத்துக்கு ஓர் ஆள் எங்கேயோ இருக்கிறான், அவனைப் பிடித்தால் எல்லாம் அடங்கும். படத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எங்கயோ பாத்த முகமா இருக்குங்க." கேட்டவர்களுக்கு அது அழுத்தக்காரத்தனமாகப் பட்டது. ஊரே சேர்ந்து ஒருத்தனை மறைக்கிறது என்று முடிவு கட்டினார்கள்.

போதாக்குறைக்கு, யார் யாரோ அந்த முகத்தைச் சுவரில் வரைய ஆரம்பித்தார்கள். பால் கடைச் சுவரில், பள்ளிக்கூட மதிலில், பஸ் நிறுத்தத்தின் முதுகில். தன் முகத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க" என்று தம்பி ஆள் ஏற்றினான். டெப்போவில் ஒருத்தர், "யோவ், செவுத்துல இருக்கறது நீதானய்யா" என்று தோளில் தட்டினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தழும்பின் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டான்.

அவன் பஸ்ஸில் தினமும் ஏறும் பழக்காரம்மா பார்த்துவிட்டுப் பதறினாள். அவள் கூடையைத் தூக்கி மேலே வைப்பதும் இறக்கிக் கொடுப்பதும் அவன்தான்.

"என்னப்பா தாடையில?"

"ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கிட்டேம்மா."

"பாத்துச் செய்யக் கூடாதா? உன் முகத்துல முழிச்சாதான்யா எனக்கு யாவாரமே ஆகுது."

பக்கத்து சீட்டிலிருந்து ஒருத்தர் தலையைத் திருப்பினார். வெயில் கொளுத்துகிற நாளில் மடக்கிய குடையை முழங்கால் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட ஒரு கூட்டாளி. கடைசி நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்தார்கள், கடைசி நிறுத்தத்தில் இறங்கவில்லை. திரும்பவும் முதல் நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டார்கள். மறுநாளும் வந்தார்கள். குடைக்காரர் மரியாதையானவர், மீதிச் சில்லறைக்கு நன்றி சொல்லுவார். அந்த நன்றியைக் கேட்டால்தான் தம்பிக்குச் சில்லறைக் கணக்கு தப்பும்.

அதே வாரத்தில், ஐந்தாறு தெரு தள்ளி இருந்த ஓர் எலக்ட்ரீஷியனை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கும் தாடையில் தழும்பு, அது ஒன்றுதான் குற்றம். திரும்பி வந்தபோது வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. யார் கேட்டாலும், "ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்" என்றார். ஏணியைப் பற்றி யாரும் கேட்காதபோதும் சொன்னார்.

பசையக்கா அதைக் கேட்ட கையோடு முகமூடி ஆபீசுக்கு ஓடினாள்.

"தாடி, அந்த அச்சை உடைக்கணும். இருக்கற முகம் எல்லாத்தையும் கொளுத்தணும். இன்னைக்கே."

"அக்கா, கொஞ்சம் நிதானமா யோசிங்க. அது இப்ப உங்க தம்பி முகம் இல்லை. அது மக்களோட முகமாயிடுச்சு. இனிமே நாம நினைச்சாலும் அதை..."

"எவன் சொன்னான்? அந்த மூக்கை நான் சிந்தி விட்டிருக்கேன்டா! காய்ச்சல்ல ராத்திரி பூரா அந்த நெத்தியில துணி போட்டிருக்கேன். மக்களோட முகமாம்! மக்களா அவனுக்குச் சோறு போட்டாங்க? உன்னை பஸ்ல ஏத்தி இறக்கின கண்டக்டருடா அவன்!"

 தாடி கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு ஆறுதலாக இருந்திருக்கலாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "கண்டக்டரா? பஸ்ஸுலயா பாத்தேன் நான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் அச்சைத் தூக்கித் தரையில் அடித்தாள். அது உடைந்தது. சுவரில் இருந்ததை எப்படி உடைப்பது?

தம்பி வேலைக்குப் போவதை நிறுத்தினான். வீட்டுக்குள்ளேயே இருந்தான். குடைக்காரர் டெப்போவுக்குப் போய், அவன் எங்கே குடியிருக்கிறான் என்று மரியாதையாகக் கேட்டாராம். ஊரைவிட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். போவதற்கு இருப்பது ஒரே வழி, ஆற்றுப் பாலம். அந்தப் பக்கம் போய்விட்டால் அவன் மச்சான் லாரியோடு நிற்பான். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பாலத்தின் நடுவில் தடுப்புப் போட்டு, படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து அனுப்பினார்கள்.

அப்போதுதான் குடியிருப்புக்காரர்கள் பாலத்தைக் கடந்து போய் மனு கொடுப்பதாக ஒரு ஊர்வலம் ஏற்பாடானது. அனுமதியும் கிடைத்தது, ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. முகமூடியோடு நடக்கலாம், கலவரம் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பழைய முகங்களை யாரும் கொளுத்தியிருக்கவில்லை. ஆளுக்கு ஒன்று வீட்டில் வைத்திருந்தார்கள்.

தம்பிதான் சொன்னான். "அக்கா, என் முகத்தை மறைக்க இந்த ஊர்ல என் முகம் ஒண்ணுதான் இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பசையக்கா எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கூட்டத்தில் பின்னாலிருந்து பார்த்தாலும் அவனைத் தெரிய வேண்டும் என்று, அவன் முகமூடிக்கு மட்டும் கறுப்பு நூலுக்குப் பதிலாகச் சிவப்பு நூல் கட்டினாள். தாடியைத் தனியாகக் கூப்பிட்டு, பாலம் தாண்டும்வரை முகத்தைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். டிரம் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை ஒடிஞ்சாலும் பரவாயில்லை கண்ணு, அந்தக் கரை வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இரு." அந்தப் பெண், "உயிரே போனாலும் நிறுத்த மாட்டேன்க்கா" என்றாள். மற்றவர்களிடம் சொல்லவில்லை. இத்தனை பேரிடம் சொன்னால் ரகசியம் எப்படி ரகசியமாக இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமைக் காலை. நல்ல வெளிச்சம். பாலத்தின் இரண்டு பக்க நடைபாதையிலும் வேடிக்கை பார்க்க ஜனம். டிரம் முன்னால் அதிர, ஒரே முகம் வரிசை வரிசையாகப் பாலத்தில் ஏறியது. பசையக்கா கடைசியில் நடந்தாள், கிழிந்த முகத்தை ஒட்டித்தர எப்போதும் கொண்டுபோகும் பசை வாளியும் கரண்டியுமாக. கண் சிவப்பு நூலை விட்டு நகரவில்லை. தம்பிக்கு முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் தம்பி. தடுப்பை நெருங்கினார்கள். ஓர் ஓரத்தில் குடைக்காரர் நின்றார். குடை இன்றைக்கும் மடக்கித்தான் இருந்தது. முகங்கள் அவரைக் கடந்து போகப் போக, அவர் ஒவ்வொன்றையும் பார்த்து, அலுத்துப்போய்க் கொட்டாவி விட்டார். தடுப்பை விலக்கினார்கள். முன்வரிசை தாண்டியது. சிவப்பு நூலும் தாண்டப் போகிறது. தப்பித்தான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முன்னால் யாரோ ஓர் அதிகாரி கையை நீட்டினார். பின்னாலிருந்து அவளுக்கு அது சரியாகத் தெரியவில்லை. நடக்கத்தான் அனுமதி, சத்தத்துக்கு இல்லை என்றாராம். டிரம் பெண் காதில் வாங்காமல் அடித்துக்கொண்டே போனாள், வாக்குக் கொடுத்தவள் அல்லவா. இரண்டு பேர் அவள் தோளிலிருந்து டிரம்மைக் கழற்றி எடுத்தார்கள்.

டிரம் நின்றது.

பாலம் முழுக்கக் கைகள் மேலே போயின. யாரும் பக்கத்தில் பார்க்கவில்லை. தாடியைக் கேட்கவில்லை. அவள் கரண்டியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது போலவே, ஒரே நேரத்தில், அத்தனை பேரும் முகத்தைக் கழற்றினார்கள். "வேணாம், வேணாம்!" என்று தாடி கத்தியது பிறகுதான் கேட்டது. வழக்கம்போல ஜனங்கள் கைதட்டினார்கள்.

நடுவில் ஒரே ஒரு முகம் மட்டும் கழற்றாமல் நின்றது. பக்கத்தில் இருந்தவள் நல்லெண்ணத்தில், "நின்னுடுச்சு, கழட்டுங்க, மூச்சு முட்டும்" என்று அவன் முகமூடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அக்காவிடம் நன்றாகப் பாடம் படித்தவள். உள்ளே அதே முகம் இருந்தது.

நடைபாதையிலிருந்து சந்தோஷமாக ஒரு குரல் வந்தது. "அட, நம்ம கண்டக்டரு! இத்தனை நாளா எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு மண்டையைப் போட்டுக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன், நம்ம பஸ் கண்டக்டரு!" பழக்காரம்மா. அதைக் கேட்டு இன்னொருத்தர், "ஆமாய்யா, அவரேதான்!" என்றார். பாலத்தின் இரண்டு பக்கமும், விடுகதைக்கு விடை கிடைத்தவர்கள் போல, ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள்.

குடைக்காரர் நடக்க ஆரம்பித்தார்.

பசையக்காவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வாளியைக் கவிழ்த்துப் பசையைக் கொட்டினாள். கரண்டியால் அதன் அடியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். டிரம் அடித்தால் முகத்தை மாட்டு. "மாட்டுங்கடா! முகத்தை மாட்டுங்கடா!" தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அடித்தாள். முதலில் கடைசி வரிசை மாட்டியது, அப்புறம் அதற்கு முன்வரிசை, அப்புறம் எல்லோரும். கூட்டம் குழம்பி நெருக்கியடித்து, முன்னும் பின்னும் மாறி, அவளைப் பார்த்துத் திரும்பி நின்றது. பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தம்பியின் முகம். தாடையில் தழும்பு, இடப்பக்கம் சாய்ந்த மூக்கு. அவள் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே புகுந்தாள். ஒவ்வொரு தலையாகப் பிடித்துத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கறுப்பு நூல். கறுப்பு நூல். எல்லாம் கறுப்பு நூல்.

நடைபாதையிலிருந்து பழக்காரம்மா இறங்கி வந்தாள். கையில் ஒரு முகமூடி, நெற்றியில் செருப்புத் தடம் பட்டிருந்தது. அதைத் தன் துணியால் அழுத்தித் துடைத்து, சிவப்பு நூலைச் சுற்றி மடித்து, பசையக்காவிடம் நீட்டினாள்.

"கண்டக்டர் தம்பி இதை விட்டுட்டுப் போயிடுச்சும்மா. அவசரம் போல. ரெண்டு பேர் வந்து கையைப் பிடிச்சு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. தெரிஞ்சவங்கதானே?"